அந்தப் பழைய ஹெல்மெட்ட தர மாட்டேன்

போன வாரம் தங்கச்சி போன் பண்ணா. அவ, மாப்ள, ஏழு வயசு பாப்பா மூணு பேரும் முதல் தடவையா பனிச்சறுக்கு கத்துக்கப் போறாங்க, அவளும் பாப்பாவும் காலுக்கு ஒரு பலகை மாட்டற ஸ்கீ, மாப்ளைக்கு ரெண்டு காலும் ஒரே பலகைல நிக்கற ஸ்னோபோர்டு மேல ஆசை. எல்லாம் பேசி முடிச்சிட்டு கடைசில, "அண்ணா, உன் பழைய ஹெல்மெட் பரண்ல சும்மாதானே கிடக்கு, அத அவருக்கு குடேன், ஒரு வாரத்துக்கு எதுக்கு புதுசா வாங்கணும்"னு கேட்டா. தர மாட்டேன்னு சொல்லிட்டேன். அவளுக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு போல, கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஏன் தர மாட்டேன்னு விளக்க ஆரம்பிச்சது அங்கேந்து மணிக்கட்டு, முட்டி, காகிள்ஸ், கையுறைன்னு ஒரு மணி நேரம் ஓடிடுச்சு. போன்ல சொன்னதுல பாதி மறந்து போயிடும், அதனால முழுசா இங்க எழுதி வைக்கறேன்.

அந்த ஹெல்மெட்ட வெளில பாத்தா ஒண்ணுமே தெரியாது, ரெண்டு கீறல் இருக்கும் அவ்ளோதான். உள்ள இருக்கற துணிய கழட்டினா, பின்மண்டை வர்ற இடத்துல ஃபோம் கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கி இருக்கும், பக்கத்துல முடி மாதிரி ஒரு விரிசல் ஓடும். நான் ஸ்னோபோர்டு கத்துக்க ஆரம்பிச்ச மூணாவது நாள் நடந்தது அது. பெரிய சரிவு எல்லாம் இல்ல, புதுசா கத்துக்கறவங்க போற இடம், கிட்டத்தட்ட சமதரை, நடக்கற வேகத்த விட கொஞ்சம் அதிகமா போயிட்டிருந்தேன். ஸ்னோபோர்டுல ஒரு விஷயம் என்னன்னா, போர்டோட கீழ்ப்பக்க விளிம்பு பனில லேசா குத்திடுச்சுன்னா போர்டு அங்கேயே நின்னுடும், நம்ம உடம்பு மட்டும் நிக்காது, ரெண்டு காலும் போர்டுல கட்டிப் போட்டிருக்கறதால ஒரு அடி எடுத்து வச்சு சமாளிக்கவும் வழி இல்ல, மரத்த வெட்டி சாய்ச்ச மாதிரி நேரா பின்னாடி போயி மண்டை அடிக்கும். கைய ஊனக்கூட நேரம் கிடைக்காது. அன்னிக்கு அந்த ஃபோம் அமுங்கினதாலதான் என் மண்டை தப்பிச்சது.

அந்த ஃபோம் என்னன்னா, தெர்மாகோல்தான். நாம பெட்டிக்குள்ள வச்சு பேக் பண்ற அதே சாமான், கொஞ்சம் இறுக்கமா செஞ்சது. அடி விழுந்தா அது நொறுங்கி அமுங்கும், அந்த நொறுங்கற நேரத்துலதான் தலைக்கு வர்ற வேகம் குறையுது. ஆனா ஒரு தடவை நொறுங்கினது திரும்ப உப்பாது. அதே இடத்துல இன்னொரு அடி பட்டா நொறுங்கறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல, அடி நேரா மண்டைக்குத்தான். அதனாலதான் தங்கச்சிக்கு தர மாட்டேன்னேன். இதே காரணத்தாலதான் வேற யாரோ போட்ட ஹெல்மெட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்கன்னும் சொல்றேன், விக்கறவர் நல்ல மனுஷனாவே இருந்தாலும் அது எங்க விழுந்துச்சு எப்படி விழுந்துச்சுன்னு உங்களுக்கு தெரியப் போறதில்ல.

இந்த ஒரு விழுகைதான் எனக்கு சாமான் வாங்கற விஷயத்துல கண்ண திறந்துச்சு. அதுவரைக்கும் நானும் கடைக்கு போயி நிறம், பிராண்டு, யாரு என்ன போட்டிருக்காங்கன்னுதான் பாத்தேன். இப்ப எதையாவது கைல எடுத்தா ஒரே கேள்விதான் கேட்டுக்கறேன், நான் எப்படி விழுவேன், அப்ப இது எந்த இடத்த காப்பாத்தும். ஸ்கீ போறவங்க விழற மாதிரி ஸ்னோபோர்டு போறவங்க விழறதில்ல. ஸ்கீல ரெண்டு காலும் தனித்தனி, ஒவ்வொண்ணும் நீளமான பலகைல மாட்டியிருக்கு, ஒண்ணு ஒரு பக்கம் இன்னொண்ணு வேற பக்கம் இழுத்துட்டு போகும், அதனால அடி வாங்கறது முட்டி. கைல கம்பு இருக்கறதால கட்டைவிரலும் மாட்டும். ஸ்னோபோர்டுல ரெண்டு காலும் ஒரே பலகைல, பக்கவாட்டா நின்னுட்டு போறோம், விழுந்தா ஒண்ணு முன்னாடி இல்ல பின்னாடி, முன்னாடி விழுந்தா மணிக்கட்டு, பின்னாடி விழுந்தா மணிக்கட்டோட சேத்து வால் எலும்பு, பின்மண்டை. இத மனசுல வச்சுக்கிட்டா வாங்க வேண்டிய லிஸ்ட் தன்னால வந்துடும்.

ஹெல்மெட் ஸ்கீ, ஸ்னோபோர்டு ரெண்டுக்குமே வேணும், அதுல பேச்சே இல்ல. இத்தாலில முதல்ல 14 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு மட்டும்தான் கட்டாயம்னு வச்சிருந்தாங்க, அப்புறம் 18 ஆச்சு, 2025 நவம்பர்லேந்து எல்லா வயசுக்கும் கட்டாயம் ஆக்கிட்டாங்க. சட்டம் இல்லாத இடத்துலயும் போடுங்க. வாங்கும்போது உள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர பாருங்க, ஐரோப்பிய தரம்னா இஎன் 1077, அமெரிக்க தரம்னா ஏஎஸ்டிஎம் எஃப்2040. பைக் ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட் எதுவும் இதுக்கு மாத்து கிடையாது. ஐரோப்பிய தரத்துல ஏ, பி ன்னு ரெண்டு வகுப்பு உண்டு, ஏ வகுப்பு காதையும் சேத்து கெட்டி ஓட்டால மூடும், கூர்மையான பொருள் குத்தறத இன்னும் நல்லா தாங்கும், பி வகுப்புல காது பக்கம் மெத்துன்னு இருக்கும், காத்து வரும், சத்தம் கேக்கும். சாதாரணமா பொழுதுபோக்குக்கு போற நமக்கு பி போதும்னுதான் நான் நினைக்கறேன், பின்னாடி ஒருத்தர் வர்ற சத்தம் காதுல விழறதும் பாதுகாப்புதான்.

ஆனா ஒரு விஷயத்த எல்லாரும் தெரிஞ்சுக்கணும். அந்த இஎன் சோதனைல ஹெல்மெட்ட கிட்டத்தட்ட 1.5 மீட்டர் உயரத்துலேந்து இரும்பு மேல போட்டு பாப்பாங்க. அப்படி விழும்போது அது மோதற வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். கொஞ்சம் பழகினவங்க நல்ல சரிவுல சாதாரணமா 40க்கு மேல போயிடுவாங்க. அப்ப என்ன அர்த்தம்னா, நாம நின்ன இடத்துலேந்து சாஞ்சு கெட்டிப் பனில மண்டை அடிக்கறத இது தாங்கும், முழு வேகத்துல போயி மரத்துலயோ பாறைலயோ மோதறதுக்கு இது கவசம் இல்ல. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29ஆம் தேதி பிரான்ஸோட மெரிபெல்ல பாறைல மோதி விழுந்தப்ப ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார், உயிர் தப்பிச்சார், ஆனா மூளைல அவ்ளோ பெரிய காயம். அதனால ஹெல்மெட் போட்டாச்சு இனி வேகமா போலாம்ங்கற நினைப்பே வரக்கூடாது.

இன்னொரு பக்கம் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன். 2009 மார்ச்ல கனடாவோட மோன் ட்ரெம்ப்ளான்ல, புதுசா கத்துக்கறவங்க சரிவுல விழுந்தாங்க, ஹெல்மெட் போடல. எந்திரிச்சு நல்லா பேசிட்டு இருந்தாங்க, டாக்டர் எல்லாம் வேணாம்னாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுதான் தலைவலி ஆரம்பிச்சது, ரெண்டு நாள்ல உயிர் போயிடுச்சு, மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தக் கசிவு. இத படிச்சப்புறம்தான் எனக்கு உடம்பு ஆடிப்போச்சு, ஏன்னா அன்னிக்கு பின்மண்டை அடிச்சப்புறம் நானும் எந்திரிச்சு பனிய தட்டி விட்டுட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் சறுக்கிட்டுதான் இருந்தேன். அது ரொம்ப தப்பு. தலைல அடி பட்டா அன்னிக்கு அத்தோட நிறுத்திடணும், தனியா ரூமுக்கு போயி படுத்துடக் கூடாது, கூட ஒருத்தர் இருந்து பாத்துக்கணும், தலைவலி கூடினாலோ வாந்தி வந்தாலோ பேச்சு குழறினாலோ தூக்கம் கண்ண சுத்தினாலோ உடனே ஆஸ்பத்திரி. தங்கச்சி கிட்ட இத மூணு தடவ சொன்னேன்.

மிப்ஸ்னு போட்ட ஹெல்மெட்டுங்க இப்ப நிறைய வருது, உள்ள மஞ்சளா ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் அடுக்கு இருக்கும். தலை நேரா மோதறத விட சாய்வா மோதறதுதான் அதிகம், அப்படி மோதும்போது தலை சுழலும், அந்த சுழற்சி மூளைக்கு கெடுதல். ஸ்வீடன்ல ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்ங்கற மூளை அறுவை சிகிச்சை டாக்டரும் பீட்டர் ஹால்டின்ங்கற ஆராய்ச்சியாளரும் இத உருவாக்கினாங்க, அடி விழும்போது உள்ள இருக்கற அடுக்கு 10லேந்து 15 மில்லிமீட்டர் வழுக்கிக்கொடுக்கும், அதனால சுழலற வேகத்துல கொஞ்சம் குறையும். கிடைச்சா வாங்குங்க. ஆனா மிப்ஸ் இருக்கற லூசான ஹெல்மெட்ட விட மிப்ஸ் இல்லாத கச்சிதமான ஹெல்மெட் எவ்வளவோ மேல். புருவத்துக்கு மேல டேப் வச்சு சுத்தளவு எடுத்துக்கோங்க, போட்டுட்டு வார மாட்டாம தலைய ஆட்டி பாருங்க, ஹெல்மெட்டோட சேந்து நெத்தித் தோலும் நகரணும், ஹெல்மெட் மட்டும் தனியா ஆடுச்சுன்னா பெருசு. குளிருதேன்னு உள்ள கம்பளிக் குல்லா போட்டு அதுக்கு மேல ஹெல்மெட் மாட்டறது கூடவே கூடாது, அளவே மாறிடும், வேணும்னா தலையையும் கழுத்தையும் மூடற மெல்லிசான துணி உறை, பாலக்லாவான்னு சொல்வாங்க, அத போட்டுக்கலாம். காகிள்ஸ் வாங்கப் போகும்போது ஹெல்மெட்ட கையோட கொண்டு போயி ரெண்டையும் சேத்து போட்டு பாருங்க, நடுவுல நெத்தி தெரியற மாதிரி இடைவெளி இருந்தா நாள் முழுக்க அங்க குளிர் காத்து அறையும், ஹெல்மெட் காகிள்ஸ கீழ அமுக்கினா மூக்கு அடைச்சுக்கும்.

இப்ப மாப்ளைக்கு. ஸ்னோபோர்டுல ரொம்ப அதிகமா வர்ற காயம் மணிக்கட்டுதான், அதுவும் முதல் சில நாள்ல. விழும்போது கைய நீட்டி ஊனறது மனுஷனோட இயல்பு, யாரும் சொல்லிக்கொடுத்து வர்றதில்ல, உள்ளங்கைல முழு எடையும் இறங்கும், மணிக்கட்டு பின்பக்கமா மடங்கி எலும்பு விட்டுடும். என்கூட கத்துக்க வந்த ஒருத்தர் முதல் நாள் காலைல, கம்பி வடத்துல தொங்கற நாற்காலில மலை மேல ஏத்தி விடற லிஃப்ட்டுக்குக் கூட போறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலேந்து உக்காரற மாதிரி விழுந்தார், கை போயிடுச்சு, ஆறு வாரம் கட்டு. அதனால ரிஸ்ட் கார்டு, அதாவது மணிக்கட்டு கவசம், கட்டாயம் வாங்குங்க, பழகினவங்க யாரும் போடலியேன்னு பாக்காதீங்க, அவங்க விழற எண்ணிக்கை வேற நம்ம எண்ணிக்கை வேற. ஸ்னோபோர்டு ரிஸ்ட் கார்டுக்குன்னே 2020ல ஐஎஸ்ஓ 20320ன்னு தனி தரம் வந்திருக்கு, அந்த நம்பர் இருக்கான்னு பாத்து வாங்கலாம். ரோலர் ஸ்கேட்டிங்குக்கு விக்கற உள்ளங்கைல வழுக்குற பிளாஸ்டிக் தகடு வச்சது வேணாம், அது சிமெண்ட் தரைக்கு செஞ்சது, கையுறைக்குள்ளயும் போகாது. கொஞ்சம் நீளமா முன்கை மேல வரைக்கும் வர்றதா, முழுக்க மரக்கட்டை மாதிரி இறுகிப்போகாம லேசா வளைஞ்சு குடுக்கறதா இருந்தா நல்லது. அத போட்டுக்கிட்டு அதுக்கு மேல கையுறை நுழையுதான்னும் கடைலயே பாத்துடுங்க, இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க.

ரிஸ்ட் கார்டு போட்டாலும் விழற முறைய கத்துக்கணும், விரல மூடி முஷ்டியா வச்சுக்கிட்டு முன்கைல விழணும், பின்னாடி போனா தாடைய நெஞ்சோட சேத்து முதுக வளைச்சு உருளணும். சொல்றது சுலபம், உடம்புல ஏறறதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் வால் எலும்புக்கும் இடுப்புக்கும் பேட் வச்ச ஷார்ட்ஸ் ஒண்ணு பேண்ட்டுக்குள்ள போட்டுக்கிட்டா ரெண்டாவது நாள் நாற்காலில உக்கார முடியும். கத்துக்கற காலத்துல அத போட்டிருந்தா வலி பயம் குறையும், பயம் குறைஞ்சா உடம்பு இறுகாது, உடம்பு இறுகலன்னா விழறதும் குறையும், இத நான் அனுபவத்துல சொல்றேன்.

கணுக்கால் பத்தியும் ஒரு வார்த்தை. ஸ்னோபோர்டு பூட் மெத்துன்னு இருக்கறதால கணுக்கால் அதுக்குள்ள முறுக்க இடம் உண்டு. தாவி கீழ வரும்போது கணுக்கால் வெளிப்பக்கத்துல தாலஸ்ங்கற எலும்போட ஒரு ஓரம் உடையும், இதுக்கு ஸ்னோபோர்டர் முறிவுன்னே டாக்டருங்க பேரு வச்சிருக்காங்க. சிக்கல் என்னன்னா பாக்க சாதாரண சுளுக்கு மாதிரியே இருக்கும், எக்ஸ்ரேல பல தடவ தெரியாது, சிடி ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். ஒரு வாரம் ஆகியும் கணுக்கால் வெளிப்பக்கம் வலி குறையலன்னா ஸ்னோபோர்டுல விழுந்தேன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க.

தங்கச்சிக்கு சொன்னதுல முக்கியமானது பைண்டிங், அதாவது பூட்ட ஸ்கீயோட பிடிச்சு வைக்கற பிடி. அத யாரும் பாதுகாப்பு சாமானா நினைக்கறதே இல்ல, ஏதோ ஸ்கீயோட ஒட்டிக்கிட்டு வர்ற இரும்புன்னு நினைக்கறாங்க, ஆனா ஸ்கீல உடம்ப காப்பாத்தற சாமான்ல ஹெல்மெட்டுக்கு சமமா அதத்தான் சொல்வேன். ஒரு காலத்துல பூட்ட ஸ்கீயோட அப்படியே கட்டிடுவாங்க, விழுந்தா கால் எலும்பு முறுக்கி உடையும். நார்வேல பிறந்து அமெரிக்கால குடியேறின ஹ்யால்மர் ஹ்வாம்னு ஒரு ஸ்கீ சாம்பியன், 1937ல அவருக்கே கால் உடைஞ்சு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பதான் விழும்போது தானா கழண்டுக்கற பைண்டிங் யோசனை வந்து வரைஞ்சார், அதுதான் கடைக்கு வந்த முதல் கழண்டுக்கற பைண்டிங். இன்னிக்கு முன்பக்கம் பக்கவாட்டுலயும் பின்பக்கம் மேலயும் கழண்டுக்குது. எவ்ளோ பலமா இழுத்தா கழலணுங்கறதுக்கு டின் (DIN)னு ஒரு நம்பர் இருக்கு, அத எடை, உயரம், வயசு, பூட் அடிப்பாகத்தோட நீளம், அப்புறம் நீங்க எப்படி ஓட்டுவீங்கங்கற வகை இதெல்லாம் வச்சு கணக்கு போடுவாங்க. 10 வயசுக்கு கீழயும் 50க்கு மேலயும் நம்பர குறைச்சு வைப்பாங்க.

வாடகைக்கு எடுக்கற இடத்துல இதெல்லாம் ஒரு ஃபாரத்துல கேப்பாங்க. அங்க எடைய குறைச்சு எழுதறது, ஓரளவு தெரியும்னு எழுதறது ரெண்டுமே ஆபத்து. வெக்கப்படறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல, முதல் தடவைன்னா முதல் தடவைன்னே எழுதுங்க. நம்பர் அதிகமா இருந்தா விழும்போது ஸ்கீ கழலாது, முட்டியும் எலும்பும் தாங்க வேண்டியிருக்கும், ரொம்ப குறைவா இருந்தா சும்மா போகும்போதே கழண்டு தள்ளி விட்டுடும். நடுவுல கழண்டுக்குதேன்னு கூட வந்த யாராவது ஸ்க்ரூடிரைவர எடுத்து திருப்பறேன்னு வந்தா கண்டிப்பா விடாதீங்க, கடைக்காரங்ககிட்டயே கொண்டு போங்க. பூட் அடியில ஒட்டியிருக்கற பனிய தட்டிட்டு மாட்டறீங்களாங்கறதையும் பாத்துக்கோங்க, பனிக்கட்டி ஒட்டியிருந்தா பைண்டிங் ஒழுங்கா வேலை செய்யாது.

இவ்ளோ இருந்தும் முட்டி முழுசா தப்பறதில்ல, பைண்டிங்குக்கு முட்டி முறுக்கறது தெரியாது, பூட்டுல வர்ற அழுத்தம்தான் தெரியும். அமெரிக்காவுல வெர்மாண்ட் மாநிலத்துல ஒரு ஆராய்ச்சி குழு 1972லேந்து பல வருஷம் ஸ்கீ காயங்கள தொடர்ந்து பதிவு பண்ணுச்சு, அவங்க கண்டுபிடிச்சது, முட்டியோட குறுக்குத் தசைநார் கிழியறது நிறைய நடக்கறது பின்னாடி சாஞ்சு விழப்போற நேரத்துல, இடுப்பு முட்டிக்கு கீழ இறங்கி, எடை முழுக்க கீழ்ப்பக்க ஸ்கீயோட வாலுல நிக்கும்போது. அந்த நிலைல எந்திரிக்கப் பாக்கறது, கைய பின்னாடி ஊனறதுதான் முட்டிய கெடுக்குது. கைய முன்னாடி நீட்டிக்கிட்டு ரெண்டு ஸ்கீயையும் சேத்து வச்சு, விழறதுன்னு ஆச்சுன்னா விழுந்துடுங்க, நிக்கற வரைக்கும் எந்திரிக்காதீங்க. மருந்துக் கடைல விக்கற முட்டி உறை போட்டா இதுலேந்து காப்பாத்தும்னு நம்பி நல்லா இருக்கற முட்டிக்கு அத வாங்க வேணாம்.

கட்டைவிரலுக்கு வர்றேன். கம்போட வார மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு விழுந்தா கம்பு கைய விட்டு போகாது, கட்டைவிரல பின்னுக்கு வளைச்சு அடியில இருக்கற தசைநார கிழிச்சுடும், இதுக்கும் ஸ்கீயர் கட்டைவிரல்னு பேரே உண்டு. சுளுக்குன்னு விட்டுட்டா பின்னாடி ஒரு பாட்டில் மூடிய திறக்கக்கூட பலம் இருக்காது. கத்துக்கற காலத்துல வார மாட்டாதீங்க, விழும்போது கம்ப விட்டுடுங்க, கம்பு போனா போகுது.

பூட்டும் பாதுகாப்பு சாமான்தான். குளிருமேன்னு ரெண்டு மூணு சாக்ஸ் போட்டா ரத்த ஓட்டம் அமுங்கி கால் இன்னும் சில்லிட்டு போகும், உள்ள பாதம் வழுக்கவும் செய்யும். மெல்லிசா, முட்டி வரைக்கும் வர்ற ஸ்கீ சாக்ஸ் ஒண்ணே ஒண்ணு போதும், பேண்ட்டோட ஓரம் பூட்டுக்குள்ள போகக் கூடாது. நேரா நிக்கும்போது விரல் நுனி முன்னாடி லேசா உரசணும், முட்டிய முன்னாடி மடக்கினா விடுபடணும், குதிகால் மேல எழும்பவே கூடாது. வசதியா இருக்கேன்னு ஒரு அளவு பெருசா எடுத்தா ஸ்கீ நம்ம பேச்ச கேக்காது.

காகிள்ஸ் விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன். நிறைய பேரு அத ஸ்டைலுக்குன்னு நினைக்கறாங்க, சாதாரண கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு போறாங்க. மேல போகப் போக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதா கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், அதோட புதுப் பனி தன் மேல விழற புற ஊதா கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும். அப்ப வெயில் மேலேந்தும் அடிக்குது கீழேந்தும் அடிக்குது. கண்ணோட மேல்தோல் வெந்து போகும், பனிக்குருடுன்னு சொல்றது இதத்தான், அப்பவே தெரியாது, சாயங்காலம் போல கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தி தண்ணி தண்ணியா வரும். மேகமூட்டமா இருந்தாலும் வரும். பாப்பாவுக்கும் நல்ல காகிள்ஸ் வேணும், விளையாட்டு சாமான் மாதிரி ஒண்ணு வேணாம். மூக்குத் துவாரத்து அடியிலயும் தாடைக்கு கீழயும் சன்ஸ்கிரீன் தடவணும், கீழேந்து வர்ற வெயில் அங்கதான் சுடும்.

லென்ஸ் எவ்ளோ வெளிச்சத்த உள்ள விடுதுங்கறத விஎல்டின்னு சதவீதமா போட்டிருப்பாங்க. எஸ்1ன்னா 43லேந்து 80, எஸ்2ன்னா 18லேந்து 43, எஸ்3ன்னா 8லேந்து 18. நல்ல வெயிலுக்கு எஸ்3, மேகமூட்டம், பனி பெய்யற நேரத்துக்கு எஸ்1. ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா எஸ்2 எடுங்க, லென்ஸ் மாத்தற வசதி இருந்தா இன்னும் நல்லது. கண்ணாடி எவ்ளோ கருப்போ அவ்ளோ பாதுகாப்புன்னு நினைக்கக் கூடாது, புற ஊதா கதிர தடுக்கறது வேற, வெளிச்சத்த குறைக்கறது வேற, மஞ்சளா வெளுப்பா இருக்கற லென்ஸும் கதிர முழுசா தடுக்கும். நான் ஒரு தடவ பளபளன்னு கருப்பு லென்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு போனேன், மத்தியானம் மேகம் இறங்கிடுச்சு, வானமும் வெள்ளை தரையும் வெள்ளை, மேடு எது பள்ளம் எதுன்னே தெரியல, காலுக்கு கீழ தரை இருக்கா இல்லையான்னு தடவித்தடவி இறங்கினேன், ஒரு சின்ன மேட்டுல தூக்கிப் போட்டுச்சு. ரோஸ், மஞ்சள் மாதிரி நிற லென்ஸ் அந்த நேரத்துல நிழல கொஞ்சம் எடுத்துக் காட்டும்.

ஆவி படியறதுதான் எல்லாரோட புலம்பலும். 1965ல பாப் ஸ்மித்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர் இதுக்கு வழி பண்ணார், நடுவுல காத்து அடைச்ச ரெட்டை லென்ஸ், காத்து போற ஃபோம், இன்னிக்கும் எல்லா நல்ல காகிள்ஸும் அந்த யோசனைதான். அதனால ஒற்றை லென்ஸ் வேணாம். உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், அத கையுறையால தேய்ச்சா போச்சு, ஈரம் பட்டா உதறிட்டு மெல்லிசான துணியால ஒத்தி எடுங்க. லிஃப்ட்டுல போகும்போது வேர்த்த நெத்தி மேல தூக்கி வைக்காதீங்க, ஆவி நேரா உள்ள போகும். தங்கச்சி மாதிரி கண்ணாடி போடறவங்க அதுக்கு மேல போடற ஓடிஜி வகைன்னு கேட்டு வாங்கணும்.

துணிமணிய சுருக்கமா சொல்லிடறேன். உடம்போட ஒட்டி இருக்கறது பருத்தி வேணாம், வேர்வைய பிடிச்சு வச்சுக்கிட்டு நடுங்க வைக்கும், மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ எடுங்க. அதுக்கு மேல ஃப்ளீஸ், மேல தண்ணி புகாத ஜாக்கெட். எவ்ளோ தண்ணி அழுத்தத்த தாங்கும்ங்கறத ஜாக்கெட்ல மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க, 10,000ன்னு இருந்தா சாதாரண நாளுக்கு போதும், ஈரப்பனில நாள் முழுக்க இருக்கறவங்க, பனில உக்காந்து உக்காந்து எந்திரிக்கற ஸ்னோபோர்டுக்காரங்க 20,000 பாருங்க. கையுறை குளிருக்கு மட்டும் இல்ல, ஸ்கீ விளிம்பு நல்ல கத்தி மாதிரி இருக்கும், வெறுங்கையோட அத தூக்கக் கூடாது. விரல் சேந்த மிட்டன் கூட சூடு. ஒரு ஜோடி நனைஞ்சா மாத்த இன்னொரு ஜோடி பைல இருக்கட்டும்.

பாப்பாவுக்கு வளர்ற பிள்ளைன்னு ஒரு அளவு பெருசா ஹெல்மெட் வாங்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். துணில வாங்கலாம், தலைல கூடாது. கழுத்துல தொங்கற மஃப்ளர், ஜாக்கெட் நாடா எதுவும் கூடாது, சேர்லிஃப்ட்ல மாட்டினா ரொம்ப ஆபத்து, கழுத்துக்கு தலை வழியா போடற டியூப் போதும். பெரியவங்களும் முதுகுப்பைய லிஃப்ட்டுல ஏறும்போது கழட்டி மடில வச்சுக்கணும், இறங்கற நேரத்துல வார் நாற்காலில சிக்கி தொங்கினவங்க உண்டு.

முதுகுக்கு கவசம் வேணுமான்னு மாப்ள பின்னாடிலேந்து கேட்டாரு. முதல் வாரத்துக்கு அவசியம் இல்லன்னேன். தாவறதுக்குன்னே பனில மேடு கட்டி வச்ச பார்க்குல தாவறவங்களுக்கு, பாறை மரம் இருக்கற இடத்துல போறவங்களுக்கு அது வேணும். கூரான எதாவது முதுகுல நேரா படறத தாங்கும், முதுகெலும்பு மடங்கறதையோ நசுங்கறதையோ அது தடுக்காது. இஎன் 1621-2ன்னு பைக்காரங்களுக்கு வந்த தரம்தான் இதுக்கும், அதுல லெவல் 2 நல்லது. பந்தயத்துல போறவங்க கதை வேற, வேகப் பந்தயங்கள்ல உடைக்குள்ள ஏர்பேக் போடறத சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2024-25 சீசன்லேந்து விதியாவே கொண்டு வந்திருக்கு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல போறவங்களுக்கு அது நியாயம்தான்.

சறுக்கற இடத்தோட எல்லைக்கயிறு தாண்டி வெளில போறத பத்தி அவங்களுக்கு நான் சொல்லவே இல்ல, ஏன்னா அவங்க போகக் கூடாது. ஆனா இத படிக்கற சிலருக்கு அந்த ஆசை இருக்கும். சில ஜாக்கெட்ல ரெக்கோன்னு ஒரு சின்ன பட்டை தைச்சிருப்பாங்க, 1973ல ஸ்வீடன்ல ஓரேங்கற இடத்துல பனிச்சரிவுல நண்பர இழந்த மாக்னஸ் கிரான்ஹெட்ங்கறவர் உருவாக்கினது. மீட்புக் குழுகிட்ட அதுக்கான கருவி இருந்தாதான் அது எதிரொலி குடுக்கும். அது இருக்குன்னு தைரியமா போயிடக் கூடாது, பனிக்குள்ள புதைஞ்சவர காப்பாத்த முதல் 10, 15 நிமிஷம்தான், அதுக்குள்ள மீட்புக் குழு வராது, கூட வந்தவங்கதான் தோண்டணும். அதுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் புதைஞ்சவர் இருக்கற இடத்த சிக்னல் வச்சு கண்டுபிடிக்கற, 457 கிலோஹெர்ட்ஸ்ல வேலை செய்யற பீக்கான், பனிக்குள்ள குத்தி தேடற நீளக் கம்பி, மண்வெட்டி மூணும் இருக்கணும், மூணையும் பயன்படுத்த பழகியும் இருக்கணும். பேட்டரில சூடாகற கையுறை, போன், கேமரா எல்லாம் பீக்கானுக்கு இடைஞ்சல், தள்ளி வைக்கணும்.

கடைசில தங்கச்சி, எல்லாத்தையும் வாங்க முடியாது, எதுக்கு முதல்ல காசு போடணும்னு கேட்டா. ஹெல்மெட் மூணு பேருக்கும் சொந்தமா புதுசு, காகிள்ஸ் மூணு, கையுறை, சாக்ஸ், மாப்ளைக்கு மட்டும் ரிஸ்ட் கார்டும் பேட் ஷார்ட்ஸும். ஸ்கீ, போர்டு, பூட், கம்பு எல்லாம் வாடகைக்கு. ஜாக்கெட், பேண்ட் யார்கிட்டயாவது இரவல் கேட்டு வாங்கிக்கலாம், இரவல் வாங்கக் கூடாதது ஹெல்மெட் ஒண்ணுதான். சரின்னா. கோவம் போயிடுச்சுன்னு குரல்லயே தெரிஞ்சது.

போன வச்சதும் பரண்லேந்து அந்த ஹெல்மெட்ட இறக்கினேன். இத்தனை வருஷம் ஞாபகத்துக்குன்னு வச்சிருந்தேன், ஆனா நான் இல்லாதப்ப யாராவது நல்லா இருக்கேன்னு எடுத்துட்டு போனா என்ன ஆகும்னு அப்பதான் உறைச்சது. குப்பைல அப்படியே போட்டாலும் யாராவது எடுத்து போட்டுக்கலாம். கத்தரி எடுத்து தாடை வார ரெண்டு பக்கமும் வெட்டிட்டேன், வெளி ஓட்டு மேல மார்க்கர்ல "அடிபட்டது, போடாதீங்க"ன்னு பெருசா எழுதி, அப்புறம்தான் குப்பைல போட்டேன்.